ஃபைல் வந்ததும் ஸ்கிரிப்ட் ஓட: ஐநோட்டிஃபைவெயிட்டா, யூடெவ்வா, சிஸ்டம்டியா?

ஸ்கேனரிலிருந்து ஒரு ஃபைல் ஃபோல்டருக்குள் வந்து விழுந்ததும் அதிலுள்ள எழுத்துகளைப் படித்து, தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கி, பேக்கப் டிஸ்க்குக்கு அனுப்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். லினக்ஸில் இதற்கு நாலைந்து வழிகள் உண்டு. சிலவற்றை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு, இப்போது லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டியின் பாத் யூனிட்டில் (ஃபோல்டரைக் கவனித்து வேலையை எழுப்பும் அமைப்பு) நிலைத்திருக்கிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குறித்த நேரத்தில் கமாண்டுகளை ஓட்டும் கிரானைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது கடிகாரத்தைப் பார்க்கும், ஃபோல்டரைப் பார்க்காது. ஐந்து நிமிடத் தாமதம் பரவாயில்லை என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோல்டரை எட்டிப் பார்க்கும் ஒரு கிரான் வரியே போதும், மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. எனக்கு உடனே ஓட வேண்டியிருந்தது. ஸ்கேன் செய்தவர் எழுந்து போவதற்குள் பிடிஎஃப் திரையில் தெரிய வேண்டும்.

முதலில் எடுத்தது ஐநோட்டிஃபைவெயிட். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 2005-இல், 2.6.13 பதிப்பில் சேர்ந்த, ஃபைல் மாற்றங்களைத் தெரிவிக்கும் ஐநோட்டிஃபை வசதியை ஷெல்லிலிருந்து பயன்படுத்தத் தரும் சின்னக் கருவி அது. ஃபோல்டரைக் கவனிக்கச் சொல்லி, வெளியீட்டை ஒரு வொயில் லூப்புக்குள் விட்டால் முடிந்தது. பத்து வரிகூட வராது. இதில் உண்மையாகவே பிடித்த விஷயம், எந்த ஃபைல், அதற்கு என்ன நடந்தது என்று பெயரோடு சொல்லிவிடும். அதைவிட முக்கியம், 'எழுதி முடித்து மூடியாயிற்று' என்ற நிகழ்வை மட்டும் தனியாகக் கேட்கலாம். ஃபைல் உருவான நொடியிலேயே ஓடினால் பாதி ஸ்கேன்தான் கையில் கிடைக்கும். நானும் முதல் நாள் 'உருவானது' என்ற நிகழ்வைத்தான் கேட்டு வைத்திருந்தேன். வந்தது பூஜ்ஜியம் பைட் ஃபைல். எழுத்தைப் படிக்கும் கருவி "இது படமே இல்லை" என்று கைவிரித்துவிட்டது. 'மூடியாயிற்று' என்று மாற்றியதும் சரியானது. இந்த ஒரு விஷயத்தில் ஐநோட்டிஃபைவெயிட்டை அடிக்க ஆளில்லை, சிஸ்டம்டியும் சேர்த்துத்தான்.

பிரச்சினை அந்த லூப்பை யார் பார்த்துக்கொள்வது என்பதில் தொடங்கியது. டெர்மினலை மூடினாலும் சாகாமல் இருக்க டிமக்ஸுக்குள் ஓடவிட்டிருந்தேன். ஒருநாள் கர்னல் அப்டேட், ரீபூட். லூப் போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியவே இல்லை. ஒன்பது நாள் கழித்து ஒரு ரசீதைத் தேடி, கிடைக்காமல், ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் 43 ஸ்கேன்கள் அப்படியே வரிசையாகக் கிடக்கின்றன.

சரி, ரீபூட் ஆனதும் தானாக ஓடட்டும் என்று கிரானின் ரீபூட் வரியில் அதைப் போட்டேன். லூப் ஓடியது, எழுத்தைப் படிக்கும் கருவி மட்டும் ஓடவில்லை. கிரான் தரும் சூழலில், கமாண்டுகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் மாறியில் இரண்டே ஃபோல்டர்கள்தான் இருக்கும். என் கருவி இருந்ததோ யூஎஸ்ஆர் லோக்கலுக்குள். 'கமாண்ட் கிடைக்கவில்லை' என்ற பிழை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் வந்திருக்க வேண்டும், என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கிரான் பிழைகளையெல்லாம் சேர்த்து வைத்து, வேலை முடிந்ததும் மெயிலில் அனுப்பும். என் வேலை முடிவில்லாத லூப். முடியாத வேலைக்கு மெயில் எப்படி வரும்?

இதற்கு மேல்தான் நான் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். நிகழ்வு நடந்ததும் ஸ்கிரிப்ட் ஓடுமா என்று கேட்டால் எல்லா வழியும் "ஓடும்" என்றுதான் சொல்லும், முதல் வாரம் எல்லாமே ஓடவும் செய்யும். ஓடாமல் போன அன்று எனக்கு எப்படித் தெரியும்? விட்டுப்போன வேலையை யார் செய்வார்கள்? இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தபோது பட்டியல் மளமளவென்று சுருங்கிவிட்டது.

இடையில் யூடெவ், சாதனங்கள் செருகப்படுவதைக் கவனிக்கும் லினக்ஸ் பகுதி. இது ஃபோல்டர் விஷயத்துக்கு உதவாது. பேக்கப் டிஸ்க்கைச் செருகியதும் பேக்கப் தானாக ஆரம்பிக்க வேண்டும் என்ற இரண்டாவது ஆசைக்காக அதைத் தொட்டேன். சாதனத்தின் சீரியல் எண்ணைக் கொடுத்து, 'இது வந்தால் இந்த ஸ்கிரிப்டை ஓட்டு' என்று விதி எழுதலாம். எழுதினேன். டிஸ்க்கைச் செருகினால் பேக்கப் ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் சத்தமில்லாமல் செத்துவிடும். யூடெவ்வின் கையேட்டிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: விதியில் ரன் என்ற வரி வழியாக ஓடுவது நொடியில் முடியும் வேலையாக இருக்க வேண்டும். பின்னணியில் தள்ளிவிட்டாலும், நிகழ்வைக் கவனித்து முடித்ததும் அந்த ப்ராசஸ் கொல்லப்படும். டிஸ்க்கை அங்கிருந்தே மவுண்ட் செய்வதும், அதாவது அதிலுள்ள ஃபைல்களை எட்டும்படி இணைப்பதும், நடக்காது. யூடெவ் தனக்கென்று ஒரு தனி மவுண்ட் வெளியில் ஓடுவதால், அங்கே மவுண்ட் செய்தது வெளியே தெரியாது. போதாக்குறைக்கு ஒரே டிஸ்க்குக்கு டிஸ்க் ஒரு நிகழ்வு, ஒவ்வொரு பார்ட்டிஷனும் ஒரு நிகழ்வு. விதியைச் சரியாகக் குறுக்கவில்லை என்றால் ஸ்கிரிப்ட் இரண்டு மூன்று முறை ஓடும். இந்த நிகழ்வுகளை அப்படியே காட்டும் யூடெவ்அட்மின் மானிட்டரை ஓடவிட்டு டிஸ்க்கைச் செருகிப் பாருங்கள், வரிகள் கொட்டும்.

யூடெவ்வைக் குறை சொல்லவில்லை. சாதனம் வந்தது என்று சொல்வதுதான் அதன் வேலை, அதை அருமையாகச் செய்கிறது. வேலையைச் செய்வதை மட்டும் வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். விதியில் சிஸ்டம்டி என்று டேக் போட்டு, 'இந்தச் சாதனத்துக்கு இந்த சர்வீஸ் வேண்டும்' என்று எழுதிவிட்டால் போதும், யூடெவ் கைகாட்டும், சிஸ்டம்டி ஓட்டும். இரண்டு மணி நேரம் ஓடும் பேக்கப்பும் நிம்மதியாக முடிகிறது. நான் சிஸ்டம்டி பக்கம் வந்ததே இந்த வாசல் வழியாகத்தான்.

இனி பாத் யூனிட். இரண்டு சின்ன ஃபைல்கள் எழுத வேண்டும். ஒன்று சர்வீஸ்: எந்த ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும் என்று. வகை ஒன்ஷாட், அதாவது ஓடி முடிந்து அடங்கிவிடும். இன்னொன்று பாத்: எதைக் கவனிக்க வேண்டும் என்று. எனேபிள் செய்வது பாத்தை மட்டும்தான், சர்வீஸை அதுவே எழுப்பிக்கொள்ளும்.

உள்ளே இதுவும் ஐநோட்டிஃபைதான். அப்படியானால் என்ன வித்தியாசம்? கேட்கும் விதத்தில் இருக்கிறது. பாத்சேஞ்ச்டு, பாத்மாடிஃபைடு என்று போட்டால் அது மாற்றத்தைக் கவனிக்கும். முன்னது எழுதி மூடியதும் எழும், பின்னது எழுத எழுதவே எழும். நான் பயன்படுத்துவது டைரக்டரிநாட்எம்ப்டி. அது கேட்பது 'ஏதாவது நடந்ததா' என்றல்ல, 'ஃபோல்டரில் ஏதாவது இருக்கிறதா' என்று. நிகழ்வு ஒரு கணம், தவறினால் தவறியதுதான். நிலைமை அப்படியே நிற்கும். கணினி அணைந்திருந்தபோது நெட்வொர்க்கில் வேறெங்காவது காத்திருந்த ஸ்கேன், நான் கையால் காப்பி செய்த ஸ்கேன், ரீபூட்டுக்குச் சற்று முன்னால் வந்து பாதியில் நின்ற ஸ்கேன், எதுவானாலும் சரி. பாத் யூனிட் எழும்போது ஃபோல்டர் காலியாக இல்லை என்றால் சர்வீஸ் ஓடும். சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒன்று வந்தால் இரண்டாவது பிரதி கிளம்பாது. முதலாவது முடிந்ததும் மறுபடி எட்டிப் பார்க்கும், இருந்தால் மறுபடி ஓட்டும். இரண்டு பிரதி ஓடாமல் தடுக்க லாக் ஃபைல் வைத்து நான் செய்துகொண்டிருந்த தகிடுதத்தம் எல்லாம் தேவையில்லாமல் போயிற்று. அந்த 43 ஸ்கேன்கள் இந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கவே முடியாது.

இதற்கு ஸ்கிரிப்டும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். எந்த ஃபைல் வந்தது என்று கேட்டு அதை மட்டும் செய்கிற ஸ்கிரிப்ட் ஆகாது. ஃபோல்டரில் இருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, முடித்ததை வெளியே நகர்த்தும் ஸ்கிரிப்ட் வேண்டும். நகர்த்துவதுதான் உயிர். நகர்த்தாவிட்டால் ஃபோல்டர் காலியாகாது, சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கெட்டுப்போன ஸ்கேன் ஒன்று வந்தது. கருவி பிழை காட்டி வெளியேறியது, ஃபைல் அங்கேயே இருந்தது. சர்வீஸ் மறுபடி ஓடியது, மறுபடி பிழை. பத்து விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் கிளப்பக் கூடாது என்பது சிஸ்டம்டியின் இயல்பான வரம்பு. அதைத் தொட்டதும் சர்வீஸும் விழுந்தது, கூடவே பாத் யூனிட்டும் விழுந்தது. ஆனால் இந்த முறை ஒன்பது நாள் ஆகவில்லை. சர்வீஸில் ஆன்ஃபெயிலியர் என்ற வரியில், எனக்குச் செய்தி அனுப்பும் இன்னொரு குட்டி சர்வீஸைக் கட்டி வைத்திருந்தேன். ஒரு நிமிடத்துக்குள் செய்தி வந்துவிட்டது. சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் சர்வீஸின் பெயரைக் கொடுத்துப் பார்த்தால், ஐந்து ஓட்டமும் நேரத்தோடு, எந்த ஃபைல், என்ன பிழை என்று வரிவரியாக இருக்கிறது. ஸ்கிரிப்டில் ஒரு எக்கோ போட்டாலே அது ஜர்னலுக்குப் போய்விடும், தனியாக எங்கும் எழுத வேண்டியதில்லை. இப்போது பழுதான ஃபைலை ஸ்கிரிப்டே வேறொரு ஃபோல்டருக்கு ஒதுக்கிவிடுகிறது. விழுந்த யூனிட்டைத் திரும்ப எழுப்ப ரீசெட்ஃபெயில்டு கொடுத்து மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்னொரு எச்சரிக்கை: ஒவ்வொரு ஓட்டமும் மூன்று நான்கு விநாடி எடுக்கும் ஸ்கிரிப்ட் என்றால் அந்த வரம்பே தொடப்படாது. கெட்ட ஃபைல் ஒன்றை வைத்துக்கொண்டு இரவு முழுக்கச் சுற்றும்.

பாதி ஃபைல் பிரச்சினை இங்கே திரும்பி வரும் என்பதையும் மறைக்கக் கூடாது. டைரக்டரிநாட்எம்ப்டி, ஃபைல் தலைகாட்டியதுமே எழுந்துவிடும். எழுதுபவர் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், பக்கத்து ஃபோல்டரில் எழுதி முடித்து, அதே டிஸ்க்கின் அதே பார்ட்டிஷனுக்குள் ரீநேம் செய்து உள்ளே தள்ளச் சொல்லுங்கள். ரீநேம் ஒரே வெட்டில் நடக்கும், பாதி என்ற பேச்சே இல்லை. என் ஸ்கேனர் சொன்னபடி கேட்காது. ஆகவே ஸ்கிரிப்ட் அளவைக் குறித்துக்கொண்டு, ஐந்து விநாடி பொறுத்து மறுபடி பார்த்து, அளவு மாறவில்லை என்றால்தான் தொடுகிறது. அழகான வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதுவரை ஒரு பாதி ஸ்கேனும் வரவில்லை.

முழு நிர்வாகி உரிமையுள்ள ரூட்டாகத்தான் ஓட்ட வேண்டும் என்றும் இல்லை. யூசர் அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் லாக்அவுட் செய்ததும் யூசர் சர்வீஸ்கள் நின்றுவிடும், அதன் பிறகும் அவற்றை ஓடவிடும் லிங்கரை லாகின்சிடிஎல்லில் எனேபிள் செய்ய மறக்காதீர்கள்.

மற்ற கணினிகளில் என் அனுபவம் மெலிது, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மேக்கில் சிஸ்டம்டியைப் போன்ற வேலையைச் செய்யும் லாஞ்ச்டி 2005-இல் டைகர் பதிப்போடு வந்தது. அதிலும் இதே இரண்டு வகை உண்டு: மாற்றத்தைக் கவனிக்கும் வாட்ச்பாத்ஸ், ஃபோல்டர் காலியாகும்வரை ஓட்டும் கியூடைரக்டரீஸ். வாட்ச்பாத்ஸை நம்ப வேண்டாம், நிகழ்வுகள் தவறலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. நான் கியூடைரக்டரீஸைச் சில வாரங்கள்தான் வைத்திருந்தேன், தொந்தரவு தரவில்லை. விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. ஈவென்ட் வியூவரில் ஒரு நிகழ்வின் மேல் வலது கிளிக் செய்து அங்கேயே டாஸ்க்கை இணைக்கலாம். லாகின், லாக், குறிப்பிட்ட பிழை எண் போன்றவற்றுக்கு லினக்ஸில்கூட இவ்வளவு சுலபம் இல்லை. லேப்டாப்பில் மட்டும் ஒன்றைப் பாருங்கள்: 'மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்ற பெட்டி முதலிலேயே டிக் ஆகியிருக்கும். பேட்டரியில் ஏன் ஓடவில்லை என்று ஒருவர் மாலை முழுக்கத் தேடியதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் நான் பாத் யூனிட்டை விட்டுவிட்டேன். நெட்வொர்க் ஷேரில் இருக்கும் ஃபோல்டரில் வேறொரு கணினி ஃபைலைப் போட்டால் இங்கிருக்கும் கர்னலுக்கு அது தெரியாது. ஐநோட்டிஃபையே சும்மா இருக்கும்போது அதன் மேல் நிற்கும் எதுவும் எழாது. அந்த ஃபோல்டருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும் சிஸ்டம்டி டைமர் வைத்திருக்கிறேன். அது எழுப்புவதும் அதே சர்வீஸ் வகைதான், ஸ்கிரிப்டில் ஒரு வரியும் மாற்றவில்லை.