முழுத்திரைப் பதிப்பா, கறுப்புப் பட்டைப் பதிப்பா?

ஒரே படம் டிவிடி போன்ற வட்டில், பழைய தொலைக்காட்சியின் 4:3 (அகலம்:உயரம்) திரையை நிரப்பும் முழுத்திரைப் பதிப்பு, திரையரங்க வடிவைக் காத்து மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடும் பட்டைப் பதிப்பு என இரு வடிவங்களில் கிடைக்கும்போது எதை வாங்குவது என்ற தயக்கம் பலருக்கு உண்டு.

பிழைகள்: 35 மி.மீ. சுருளில் ஏறக்குறைய 4:3 அளவில் பதிவாகி, திரையரங்கில் மேலும் கீழும் மறைக்கப்பட்டு 1.85:1 ஆக ஓடிய படத்தின் மறைப்பை நீக்கித் தரும் முழுத்திரைப் பதிப்பில், நடிகரின் தலைக்கு மேல் மைக் நுனி தொங்குவதும், தரையில் கேமரா நகரும் தண்டவாளம் தெரிவதும் உண்டு. அப்பகுதி திரைக்கு வராது என்று நம்பியே சட்டகம் அமைத்த ஒளிப்பதிவாளரை இதற்காகக் குறை சொல்வது அநியாயம். பட்டைப் பதிப்பில் இவை மறைந்தே இருக்கும்.

பரப்பு: மாறாக, அகன்ற 2.39:1 படத்தின் பக்கங்களை வெட்டி 4:3 முழுத்திரை ஆக்கினால் படத்தில் 44 விழுக்காடு போய்விடும். பட்டைப் பதிப்பில் அகலம் முழுதும் கிடைக்கும், உருவங்கள் சிறுக்கும்.

பழைய சிறிய தொலைக்காட்சிக்கும், படப்பிடிப்பு நுட்பம் பயில்வோருக்கும் முழுத்திரை உதவும். கதையில் ஒன்றிப் பார்க்க விரும்புவோருக்குப் பட்டைப் பதிப்பே சரி.