ஆனைமலை வாழைக்கு நாசா போட்ட தண்ணீர்க் கணக்கு: ஒரு வருஷம் பயன்படுத்தின அனுபவம்

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நேந்திரன். ஆறடிக்கு ஆறடி நடவு, மரத்துக்கு இரண்டு டிரிப்பர், ஒவ்வொன்றிலும் மணிக்கு 4 லிட்டர். வெயில் அடித்தாலும் மேகம் மூடினாலும் தினமும் மூன்று மணி நேரம் மோட்டார் ஓடும். மாமா காலத்துப் பழக்கம். நான் கயிறு மில்லில் கணக்கு எழுதினவள். வருஷம் முழுக்க ஒரே எண் வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அப்படித் தேடும்போது கிடைத்ததுதான் 'நாசா பவர்' இணையதளம். காசும் கிடையாது, பதிவும் கிடையாது. வரைபடத்தில் தோட்டத்தைத் தொட்டால் 1981 முதல் தினசரி வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, மழை எல்லாம் எக்செல்லில் திறக்கிற கோப்பாக இறங்கும். அதை 1998இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ. வெளியிட்ட 56ஆம் கையேட்டின் பென்மன்-மான்டீத் சூத்திரத்தில் போட்டால், 12 சென்டிமீட்டர் உயரப் புல்வெளி அன்றைக்கு எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் குடிக்கும் என்று வரும். பிறகு பயிர்க் குணகத்தால், அதாவது புல்லைப்போல் நம் பயிர் எத்தனை மடங்கு குடிக்கும் என்ற எண்ணால், பெருக்க வேண்டும். முதல் வருஷ வாழைக்கு இளசில் 0.5, வளர்ந்ததும் 1.1.

மார்ச்சில் ஒரு நாள் புல்லுக்கு 5.5 மில்லிமீட்டர் வந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். 1.1ஆல் பெருக்கி, ஒரு மரத்தின் இடமான 3.34 சதுர மீட்டராலும் பெருக்கினால் 20 லிட்டர். இரண்டரை மணி நேர ஓட்டம். கசிவுக்கு அது இதுவென்று பத்து சதவீதம் கூட்டினால் மாமாவின் மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது! ஆனால் நவம்பர் மூட்டத்தில் புல்லுக்கு 3.3தான். மரத்துக்கு 12 லிட்டர் போதும், நாங்கள் விட்டதோ 24. வேர் அழுகலுக்கு இத்தனை நாள் கன்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டு இடத்தில் வழுக்குவீர்கள், நானும் வழுக்கினேன். தொடக்கத்தில் எந்தத் துறைக்கு என்று கேட்கும். வேளாண் காலநிலையைத் தேர்ந்தெடுங்கள். எரிசக்தியைத் தொட்டால் வெயில் கிலோவாட் மணியில் வரும், சூத்திரம் கேட்பதோ மெகாஜூல். 3.6 மடங்கு வித்தியாசம். அடுத்தது, விவரம் இல்லாத நாளுக்கு -999 என்று இருக்கும். வெயில் விவரம் சில நாள் பின்தங்கித்தான் வருகிறது என்பதால் கடைசி வரிகளில் இது கட்டாயம் உண்டு. நான் அதையும் சேர்த்துச் சராசரி போட்டேன். வாழையிடமிருந்து தண்ணீரைத் திருப்பி வாங்கச் சொன்னது என் கணக்கு.

பெரிய தப்பு ஜூலையில் நடந்தது. முந்தின வாரம் 110 மில்லிமீட்டர் மழை என்று கோப்பு காட்டியதால் நான்கு நாள் மோட்டாரை நிறுத்திவிட்டேன். மாமா மண்ணைக் கிள்ளிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. "ஏன் அம்மிணி, இங்க சாரலுக்கே வழியில்லீங்கிறேன், உன்ற மழை எங்க பேஞ்சுதாமா?"

வால்பாறையில்தான் பேய்ந்திருக்க வேண்டும். இந்தத் தளத்தின் மழையும் வெப்பமும் காற்றும் அரை பாகைக்கு 0.625 பாகை அளவுள்ள கட்டத்துக்கு ஒரே எண்ணாக வருபவை. எங்கள் அட்சத்தில் அது 55 கிலோமீட்டருக்கு 68 கிலோமீட்டர். பொள்ளாச்சி, பரம்பிக்குளம், நெல்லியாம்பதி, வால்பாறை எல்லாம் எங்களோடு அதே கட்டத்துக்குள். வெயிலுக்கு இன்னும் பெரிய கட்டம், ஒரு பாகை. கோப்பின் தலையிலேயே கட்டத்தின் சராசரி உயரம் மீட்டரில் எழுதியிருக்கிறது. அதையும் நம் தோட்டத்து உயரத்தையும் ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். படிக்காமல் விட்டது நான்தான்.

காற்றுக்கும் இதே கதை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் இலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கும். மலைக்குள் ஒடுங்கின பரம்பிக்குளத்தோடு சேர்த்துச் சராசரி போட்டால் அந்த வேகம் காணாமல் போய்விடும். அதனால் ஆடியில் அரை மணி நேரம் கூட்டியே ஓட்டுகிறேன். தஞ்சாவூர் மாதிரி சமவெளிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

இதைவிடச் சின்னக் கட்டம் வேண்டுமென்றால் ஐரோப்பாவின் 'எரா5-லேண்ட்' என்ற வானிலைத் தரவு இருக்கிறது: 0.1 பாகை, 1950 முதல், மணிவாரியாக. ஆனால் பதிவு செய்ய வேண்டும், கோப்பைத் திறக்க நிரல் எழுதத் தெரிய வேண்டும். என் தம்பி மகன் ஒரு தடவை எடுத்துக் கொடுத்தான். தினமும் அவனைக் கெஞ்ச முடியாது.

வெப்பத்துக்கும் வெயிலுக்கும் ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், அதுவும் பத்து நாள் சராசரியாக எடுத்தால். காற்றுக்கு இரண்டு. மழைப் பத்தியை இப்போது திறப்பதே இல்லை. மோட்டார் ரூம் பக்கத்தில் மழைமானி நட்டிருக்கிறோம். காலை எட்டரைக்கு மாமா அளந்து நாள்காட்டியில் எழுதுகிறார், அதை நான் எக்செல்லில் ஏற்றுகிறேன்.