எயர் கனடா, ரொறன்ரோ – வன்கூவர்: பணியாளர்களுக்கு ஐந்து நட்சத்திரம், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் முறைக்கு ஒன்று

வயதான ஆட்களைக் கூட்டிக்கொண்டு பறக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 ஜூலையில் ஒரு கல்யாணத்துக்காக என் மாமியோடு ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்குப் போய் வந்தேன். மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் சரியில்லை, சலரோகம் உண்டு, தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. நான் ஸ்காபரோவில் வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்கிறவள். ஒருவர் இன்னொருவரைப் பிடித்து எழுப்புவதைப் பார்த்தாலே அவருக்குக் கைப்பழக்கம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

விமான வாசலில் சக்கர நாற்காலி நின்றது. உள்ளேயிருந்து வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆண். பழக்கமில்லாதவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், இல்லாவிட்டால் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவார்கள். இரண்டும் தோள்மூட்டுக்குக் கேடு. இவர் தன் முன்கையை நீட்டிவிட்டு, மாமியாகவே அதைப் பற்றிக்கொள்ளும்வரை பொறுத்திருந்தார். பிடித்ததும் மாமியின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக அடிவைத்து நடந்தார். மாமி நின்றால் அவரும் நின்றார். மற்றப் பயணிகள் வரத் தொடங்கிவிட்டார்கள், ஆனாலும் அவர் அவசரப்படுத்தவில்லை. இருக்கையின் கைப்பிடியைத் தட்டிக் காட்டி, முதலில் முதுகுப்பக்கம் இருக்கையில் முட்டட்டும், பிறகு உட்காரலாம் என்று சைகையால் புரியவைத்தார். நாங்கள் பயிற்சி வகுப்பில் படிப்பதும் இதேதான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்சுலின் பைக்கு ஐஸ் கட்டி கேட்டேன், கொண்டுவந்து கொடுத்தார்கள். நாலைந்து வரிசை தள்ளி, சின்னப் பிள்ளைக்கும் தாய்க்கும் வேறு வேறு இடத்தில் இருக்கை விழுந்திருந்தது. ஒரு பணியாளர் மூன்று பேரிடம் கெஞ்சி மாற்றிக் கொடுத்தார். மேல்தட்டில் பெட்டி வைக்க இடமில்லை என்று ஒருவர் குரலை உயர்த்தினார். இன்னொரு பணியாளர் பெட்டிகளையெல்லாம் குறுக்காகத் திருப்பி அடுக்கி இடம் எடுத்துக் கொடுத்தார்.

இவ்வளவும் கதவு சாத்துவதற்கு முன்னால். அந்த நேரத்துக்கு அப்போது அவர்களில் ஒருவருக்கும் மணிக்கூலி கிடையாது. விமானம் வாயிலை விட்டு நகர்ந்த பிறகுதான் சம்பள மணி ஓடத் தொடங்கியது. இது அங்கே பத்து வருடமாக இருந்த ஒப்பந்தம். 2025 மார்ச் 31ஆம் திகதி அது முடிவடைந்தது, ஆனால் புதியது வராததால் நாங்கள் பறந்தபோதும் அதே முறைதான். பயணிகளை ஏற்றுவது, இறக்குவது, பாதுகாப்புச் சோதனை, தாமதமான விமானத்தோடு காத்துக் கிடப்பது எல்லாம் சேர்த்து மாதத்துக்குச் சராசரி 35 மணித்தியாலம் காசில்லாமல் வேலை செய்கிறோம் என்று அவர்களுடைய சங்கம் கணக்குச் சொன்னது. பறந்துகொண்டிருந்த நேரத்தில் எங்களுக்கு அவர்களால் ஆக வேண்டியிருந்தது குறைவு. ஒரு பானம், ஒரு சிறு தின்பண்டம், மாமிக்கு ஒரு போர்வை, அவ்வளவுதான். எங்களுக்குக் கிடைத்த நல்ல சேவை பெரும்பாலும் தரையில்தான் கிடைத்தது.

சங்கம் என்று நான் சொல்வது கியூப்பி, அதாவது கனடா பொதுத்துறை ஊழியர் சங்கம். எயர் கனடாவிலும் அதன் ரூஜ் பிரிவிலும் அதில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பணியாளர்கள் இருக்கிறார்கள். வேலைநிறுத்தத்துக்கு 99.7 சதவீதம் பேர் வாக்களித்து, ஆகஸ்ட் 16 அதிகாலையில் இறங்கினார்கள். கேட்டது இரண்டு: தரையில் செய்யும் வேலைக்கும் காசு, விலைவாசியோடு ஒத்துப்போகும் சம்பளம். நாலு வருடத்தில் மொத்தமாக 38 சதவீத உயர்வு தருகிறோம் என்றது நிர்வாகம். அந்த எண்ணுக்குள் ஓய்வூதியம், சலுகைகள் எல்லாம் அடக்கம். மணிக்கூலி முதல் வருடத்தில் 8 சதவீதம்தான் ஏறும் என்றது சங்கம். தரை வேலைக்கு நிர்வாகம் தர முன்வந்தது அரைச் சம்பளம்.

அந்த அரைச் சம்பளக் கதை எனக்கு ஆத்திரமூட்டியது. முன்பு நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், ஒரு வீட்டு வேலையை முடித்து அடுத்த வீட்டுக்குப் பஸ்ஸில் போகும் நேரத்துக்குக் காசு தரமாட்டார்கள். பனிக்காலத்தில் தரிப்பிடத்தில் நின்ற நேரமெல்லாம் என் சொந்தக் கணக்கு. சீருடை போட்டு, பெயர் அட்டை மாட்டி, முதலாளி சொன்ன இடத்தில் நிற்கிற ஒருவர் வேலையில்தான் இருக்கிறார். அதில் பாதி என்ன, முழு என்ன?

வேலைநிறுத்தம் தொடங்கி பன்னிரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை, தொழில் சட்டத்தின் 107ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு மத்திய அரசு வந்துவிட்டது. வேலைக்குத் திரும்புங்கள், நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுங்கள் என்றது. 2024இல் ரயில்வே, துறைமுகம், தபால் என்று மூன்று இடத்திலும் இதே பிரிவுதான் வந்தது. அரசு எப்படியும் வந்து நிறுத்தும் என்று தெரிந்த நிர்வாகம் மேசையில் உட்கார்ந்து ஏன் பேசப்போகிறது? இந்த முறை பணியாளர்கள் பணியவில்லை. சங்கத் தலைவர் மார்க் ஹான்கொக் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்துக்கு வெளியே அந்த உத்தரவைக் கிழித்துப் போட்டார், சிறைக்குப் போகவும் தயார் என்றார். வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று 18ஆம் திகதி தொழில் உறவுச் சபை அறிவித்தது. 19ஆம் திகதி அதிகாலையில் உடன்பாடு வந்தது.

அதில் கிடைத்தது: சிறிய விமானத்துக்கு 60 நிமிடம், பெரியதற்கு 70 நிமிடம் தரைச் சம்பளம். மணிக்கூலியில் பாதியில் தொடங்கி வருடாவருடம் ஐந்து சதவீதம் கூடும். சம்பள உயர்வு முதல் வருடம் புதியவர்களுக்கு 12, பழையவர்களுக்கு 8 சதவீதம். செப்டெம்பரில் அந்தச் சம்பளப் பகுதியை 99.1 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அதோடு அந்தப் பகுதி மத்தியஸ்தத்துக்குப் போனது. அதற்காக இனி வேலைநிறுத்தம் செய்ய முடியாது என்று உடன்பாட்டிலேயே இருந்தது. மற்றவை ஒப்பந்தமாயின.

செய்ய முடியாத காரியத்தை அவர்கள் கேட்கவில்லை. அமெரிக்காவில் டெல்டா விமான நிறுவனம் 2022இலேயே பயணிகளை ஏற்றும் நேரத்துக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது, அதுவும் அங்கே பணியாளர் சங்கம் இல்லாத நிலையில். இங்கே ரொறன்ரோவிலிருந்து பறக்கும் போர்ட்டர் விமான நிறுவனமும் அந்த நேரத்துக்குக் காசு கொடுக்கிறது.

அந்தக் கிழமை தெருவில் நின்ற பயணிகளை நான் மறக்கவில்லை. கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேருடைய பயணம் குழம்பியது. கல்யாணத்துக்கு, செத்த வீட்டுக்கு என்று கிளம்பியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பியர்சனில் 2025 பெப்ரவரி 17ஆம் திகதி என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். மினியாபொலிஸிலிருந்து வந்த டெல்டா விமானம் ஓடுபாதையில் தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே இருந்த 80 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். தலைகீழாகத் தொங்கியவர்களை வெளியே அனுப்பியதும் இதே வேலை பார்க்கிற பணியாளர்கள்தான். பானம் ஊற்றிக் கொடுப்பது அவர்களுடைய வேலையில் ஒரு சின்னப் பங்கு.

சரி, போகிறவர்களுக்கு: சக்கர நாற்காலி வேண்டுமென்றால் 48 மணித்தியாலத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். வேலைநிறுத்தத்தால் விமானம் நின்றால் கனடாச் சட்டப்படி அசௌகரியத்துக்கான இழப்பீடு கிடையாது. ஆனால் 48 மணித்தியாலத்துக்குள் மாற்று இருக்கை தர முடியாவிட்டால் உங்கள் காசைத் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் ஒரு கருத்துப் படிவம் வந்தால் நிரப்பி அனுப்புங்கள். எனக்கு வந்ததில் இருக்கையைப் பற்றியும் உணவைப் பற்றியும்தான் கேட்டிருந்தார்கள். கீழே இருந்த பெட்டியில் அந்த மனிதர் மாமியை நடத்திக்கொண்டு போன விதத்தை எழுதி, அந்த நிமிடங்களுக்கு அவருக்கு முழுச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டு அனுப்பினேன்.