விளக்கை அணைத்ததற்கு 21,000 ரூபாய்: ‘பி0171’ என்று சொன்னால் உஷாராக இருங்கள்

என்னுடையது ஒன்பது வருடம் ஓடிய பெட்ரோல் கார். கோவை அவிநாசி சாலை சிக்னலில் ஒருநாள் என்ஜின் விக்கல் எடுத்ததுபோல் நடுங்க ஆரம்பித்தது. டாஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பெயர்ப்பலகை பெரிதாக இருந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரில் வந்த குறியீடு பி0171, அதாவது கலவை லீன். பெட்ரோல் என்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று அதற்கு மேல் போனால் லீன். அங்கிருந்த மேற்பார்வையாளர் என்ஜினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது சார்" என்றார். புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்துக் கணினிக்குச் சொல்வது அது. 6,800 ரூபாய்.

விளக்கு அணைந்தது. ஐந்தாம் நாள் மறுபடி எரிந்தது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள்: 2,200. மறுபடி எரிந்தது. பெட்ரோல் பம்ப் பலவீனம் என்றார்கள்: 9,400. கூலியோடு சேர்த்து 21,000 ரூபாய் கொடுத்துவிட்டேன். நான்காம் முறை போனபோது இசியு, அதாவது என்ஜின் கணினியையே மாற்ற வேண்டும், 38,000 ஆகும் என்றதும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒவ்வொரு முறையும் விளக்கு அணைந்தது ஏன் என்று கேளுங்கள். ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்திக் குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அழித்தவுடன் என்ஜின் கணினி தான் கற்றுவைத்திருந்த திருத்தங்களையும் மறந்துவிடுகிறது. மறுபடி ஓடிப் பார்த்து, தவறைக் கண்டுபிடித்து, விளக்கை ஏற்றச் சில நாட்கள் ஆகின்றன. அந்த இடைவெளியைத்தான் பழுது சரியானதாக என்னிடம் விற்றார்கள்.

நண்பர் ஒருவர் சொல்லி, ஒரு சிறிய பட்டறையில் அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் குறியீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஸ்கேனரை மாட்டி, ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைத் திரையில் எடுத்து, என்னையும் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டினார். கலவையைச் சரிக்கட்டக் கணினி எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று சொல்லும் எண் அது. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்துக்குள் இருந்தால் பெரிய கவலை இல்லை. என் வண்டியில் நின்ற இடத்தில், ஆக்ஸிலேட்டரைத் தொடாத ஐடிலில் அது +23. ஆக்ஸிலேட்டரை அழுத்தி நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்தினார். எண் இறங்கி இறங்கி +6-இல் நின்றது.

"பம்ப் பலவீனமாக இருந்தால் வேகம் கூடக்கூட இந்த எண் ஏறும் தம்பி. இங்கே இறங்குகிறது. எங்கேயோ காற்று கசிகிறது" என்றார். என் காரில் உள்ளே போகும் காற்றை ஒரு சென்சார் அளக்கிறது. அதைத் தாண்டிய பிறகு ஓட்டை வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தக் கசிவு பெரிதாகத் தெரிகிறது. வேகத்தில் மொத்தக் காற்றோடு கரைந்துவிடுகிறது. இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய இதை, மூன்று முறை பணம் வாங்கியவர்கள் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

பிறகு ஓட்டையைக் கண்டுபிடிக்க, என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயில் புகையைச் செலுத்தினார். முதலில் ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில், என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பிசிவி ஹோஸ் என்ற ரப்பர் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய வெள்ளை நூல் ஒன்று எழுந்தது. மேலிருந்து பார்த்தால் அந்த ரப்பர் புதியதுபோல் கறுப்பாக இருந்தது. கழற்றி, கட்டைவிரலால் வளைத்தார். எண்ணெயில் ஊறி மெத்தென்றாகிவிட்ட அடிப்பகுதி மீன்வாய் போல் பிளந்தது. புது ஹோஸ் 620 ரூபாய். கூலி 900.

என்னை அதிகம் கொதிக்கவைத்தது அதற்குப் பிறகு பார்த்தது. புதிதாக மாட்டியதாகச் சொன்ன ஆக்ஸிஜன் சென்சாரைக் காட்டச் சொன்னேன். மரையைச் சுற்றிப் பழைய துரு அப்படியே ஒட்டிக்கிடந்தது. ஸ்பானர் பட்ட தடம்கூட இல்லை. ஆறு வாரத்துக்கு முன் போட்டதாகப் பில் போட்ட பொருள் அது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காதது என் தவறு. நீங்கள் கேளுங்கள், பில்லோடு சேர்த்து வாங்குங்கள்.

பட்டறையில் லீன் என்று சொன்னால், ஐடிலிலும் 2,500 சுற்றிலும் ட்ரிம் எவ்வளவு என்று கேளுங்கள். பம்ப் மாற்றச் சொன்னால் பெட்ரோல் அழுத்தத்தை அளந்த அளவைக் கேளுங்கள். ஆக்ஸிஜன் சென்சார் பெரும்பாலும் சேதி சொல்பவன்தான். சொன்னவனை மாற்றினால் சேதி மாறாது. அதற்காக விளக்கைப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டிவிடவும் வேண்டாம். லீனாக எரியும் என்ஜின் மிஸ் அடிக்கும். எரியாத பெட்ரோல் போய்ச் சேர்ந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடேறி வீணாகும். அதன் விலை இந்த ஹோஸைப்போல் இருக்காது.

சென்சாரைப் படம் எடுத்து, பில்களோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம். ஹோஸ் மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. நேற்றுப் பார்த்தபோது ஐடிலில் ட்ரிம் +2. அந்தக் கிழிந்த ஹோஸையும் விசாரணையில் காட்ட எடுத்து வைத்திருக்கிறேன்.