பேட்டியா, வரைபடமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் பெண்களின் அனுபவத்தை ஆராய எது உதவும்? பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த காலம், சம்பளம், குடிபெயர்ப்பு இதற்கெல்லாம் பேட்டி போதும். ஆனால் மாமியார் பக்கத்தில் இருந்தால், "ஒரு குறையும் இல்லைங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வடிவமைப்புத் துறையின் வழி வேறு. வடிவமைப்பு ஆய்வாளர் வில்லியம் கேவர் குழு 1999-இல் எழுதிய முறையில், ஐரோப்பிய முதியோரிடம் அஞ்சலட்டை, வரைபடம், கேமரா கொடுத்தார்கள். இங்கே ஊர் வரைபடத்தைக் கொடுத்து, இருட்டியபின் தவிர்க்கும் பாதையைச் சிவப்பில் தீட்டச் சொல்லலாம். தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்திலிருந்து பஸ் நிறுத்தம்வரை அக்கா கோடு இழுக்க, தம்பி அதை வெறுமையாக விட்டால், அடுத்து என்ன கேட்பதென்று தெரிந்துவிடும். படம் மட்டும் போதாது, வரைந்தவரே விளக்க வேண்டும். அதனால் என் தேர்வு முதலில் வரைபடம், அப்புறம் பேட்டி. தாளில் பெயர் வேண்டாம். சின்ன ஊர், கையெழுத்தே காட்டிக்கொடுக்கும்.