10க்கு 10 அறைக்கு என்ன ஸ்பீக்கர்? எரிஸ் இ3.5 பற்றி ஒரு கல்யாண வீடியோ எடிட்டர்

சின்ன அறையில் கம்ப்யூட்டர் மேசைக்கு ஸ்பீக்கர் தேடுகிறவர்கள் முதலில் சப்ஊஃபர், அதாவது பேஸுக்கென்று தனியாக வரும் பெட்டி, அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். அப்புறம் மேசையைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்துப் போட வேண்டும். எந்த ஸ்பீக்கர் என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

என் அறை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், மாடியில் இருக்கிறது. நீளம் 10 அடி, அகலம் 10 அடி, உயரமும் ஏறக்குறைய 10 அடி. மொசைக் தரை, காங்கிரீட் தளம், ஒரு ஜன்னல், ஒரு ஸ்டீல் பீரோ. கல்யாண வீடியோ எடிட் பண்ணுவது தொழில். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுமே, அந்த அரை நிமிடத்தில் ஐயரின் மைக், நாதஸ்வரம், தவில், மண்டபத்து ஜெனரேட்டர், எங்கேயோ ஒரு குழந்தையின் அழுகை எல்லாம் ஒரே நேரத்தில் வரும். எது எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற ஸ்பீக்கர் எனக்கு வேண்டும். எல்லாவற்றையும் இனிக்க இனிக்கக் காட்டினால் வேலைக்கு ஆகாது, மாப்பிள்ளை வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஊரில் ஒரு கடையில் விசாரித்தபோது இரண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒரு சப்ஊஃபரும் சேர்ந்த 2.1 செட்டை எடுத்துக் காட்டினார்கள். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ஆயிரக்கணக்கான வாட்ஸ். "அக்கா, பேஸ் பாருங்க, வீடே அதிரும்" என்றான் கடைப்பையன். "வீடு அதிரக் கூடாதுன்னுதான் தம்பி வந்திருக்கேன்" என்றேன். அந்த வாட்ஸ் எல்லாம் பிஎம்பிஓ கணக்கு. ஒரு கண நேர உச்சத்தை வைத்துச் சொல்லும் எண் அது, கேட்கிற சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் எண், தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ் அதுதான். அது போடவில்லையா, அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கி 24 வாட்ஸ், அதற்கு மேல் அந்தப் பெட்டியால் தொடர்ந்து தர முடியாது. யூஎஸ்பியில் மட்டுமே ஓடும் ஸ்பீக்கருக்கு இன்னும் குறைவு. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்ஸ். அதில் மாட்டுகிற பெட்டி மேல் 100 வாட்ஸ் என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். இன்னொன்று, வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு 20 வாட்ஸே தாராளம்.

சப்ஊஃபர் ஏன் வேண்டாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். 10 அடி என்றால் 3.05 மீட்டர், சுவருக்குச் சுவர் போய்த் திரும்ப 6.1 மீட்டர். 343ஐ 6.1ஆல் வகுத்தால் 56. அந்த 56 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 56 அதிர்வு) பக்கம் எது வாசித்தாலும் அறையே சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். நீளம், அகலம், உயரம் வேறு வேறாக இருந்தால் இந்த வீக்கம் மூன்று இடங்களில் பிரிந்து போகும். மூன்றும் 10 அடி என்றால் மூன்றும் ஒரே சுருதியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதிலும் அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டால் அந்த பேஸ் காதில் விழாது, சுவரோரம் போனால் குமுறும். ஒரே பாட்டு, ஒரே வால்யூம், நான்கடி நகர்ந்தால் வேறு பாட்டு. இதில் சப்ஊஃபரைக் கொண்டு வந்து மூலையில் வைத்தால், மூலைச் சுவர்களும் சேர்ந்து அதை இன்னும் தூக்கிக் கொடுக்கும்.

அதனால்தான் பிரீசோனஸ் எரிஸ் இ3.5. கீழ்ச்சத்தத்துக்கு மூன்றரை அங்குல ஊஃபர், மேல்சத்தத்துக்கு ஒரு அங்குல சில்க் டோம் ட்வீட்டர், பக்கத்துக்கு 25 வாட்ஸ். கம்பெனிக் கணக்குப்படி 80 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை. 80க்குக் கீழே இல்லையே என்று கடையில் இன்னொருவர் உதட்டைப் பிதுக்கினார். என் அறை ஆடுகிற இடம் 56இல். ஸ்பீக்கர் அங்கே போகாததுதான் எனக்கு லாபம்.

வாங்கியது புதுச்சேரியில். கடலூரிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இசைக்கருவிகள் விற்கிற கடை அது, கம்ப்யூட்டர் கடை இல்லை. சத்தத்தை உள்ளது உள்ளபடி காட்டும் இந்த மாதிரி மானிட்டர் ஸ்பீக்கருக்கு அங்கே கேட்பதுதான் சரி. பென்டிரைவில் என் வேலையிலிருந்து ஒரு கெட்டிமேளமும் ஒரு பெரியவரின் வாழ்த்துரையும் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர்கள் போடும் சாம்பிள் பாட்டு எல்லா ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் கேட்கும். வாழ்த்துரையைக் குறைந்த வால்யூமில் போடச் சொன்னேன். பெரியவர் மூச்சு வாங்குவதும், பின்னால் யாரோ நாற்காலி இழுப்பதும் தனித்தனியாக வந்தது. விலை பத்தாயிரத்தைத் தொட்டது, கடைக்காரர் குறைக்கவில்லை, நானும் பேரம் பேசவில்லை.

இதில் பிடித்தவை சின்னச் சின்ன விஷயங்கள். வால்யூம் குமிழ், ஹெட்போன் ஜாக், போன் மாட்டுகிற ஆக்ஸ் மூன்றும் முன்பக்கமே இருக்கின்றன. கல்யாண வீட்டார் வந்து "நம்ம போன்ல எடுத்தது ஒண்ணு இருக்கும்மா" என்றால் வயரைச் செருகிக் காட்டிவிடலாம். பின்னால் ஹை, லோ இரண்டையும் ஏற்றி இறக்கத் தனித்தனிக் குமிழ்கள். ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து (கம்ப்யூட்டர் ஒலியை வெளியே எடுக்கும் தனிப்பெட்டி) பேலன்ஸ்டு கேபிள், அதாவது வழியில் இரைச்சல் ஏறாத வயர், போட வசதி. பிடிக்காதது என்று சொன்னால் ரிமோட் கிடையாது. பெட்டியின் பின்பக்கம் காற்றுத் துவாரம் இருப்பதால் சுவரோடு ஒட்டிவைக்கவும் முடியாது. தவிலின் தொப்பிப் பக்கத்து கனம் முழுசாக வேண்டும் என்றால் ஹெட்போனில்தான் சரிபார்க்க வேண்டும். மூன்றரை அங்குலத்தில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மேசையை நகர்த்தவே இடமில்லை, பாட்டு கேட்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு எடிஃபயர் ஆர்1280டி (R1280T) பொருந்தும். அதன் துவாரம் முன்பக்கம். நாலு அங்குல ஊஃபர், இரண்டும் சேர்த்து 42 வாட்ஸ் ஆர்எம்எஸ், கையில் அடங்கும் ரிமோட், பக்கவாட்டில் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள். ப்ளூடூத் இல்லை, ஹெட்போன் ஜாக்கும் இல்லை. லேப்டாப்பில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு மட்டும் என்றால் கிரியேட்டிவ் பெபிள் போதும். உருண்டையாக, ஸ்பீக்கர் முகம் 45 டிகிரி மேலே பார்த்திருக்கும், சத்தம் மேசையில் முட்டாமல் நேரே காதுக்கு வரும்.

அந்தக் கோணம் சும்மா இல்லை. மேசை மேல் தட்டையாக வைத்தால் நேராக வரும் சத்தமும் மேசைப் பலகையில் பட்டு வரும் சத்தமும் கலந்து பேச்சு கலங்கிப் போகும். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். கடையில் ஸ்டாண்டு விலை கேட்டுவிட்டுப் பேசாமல் வந்து, பக்கத்துக்கு இரண்டு செங்கல்லை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, பழைய புடவைத் துணி சுற்றி, மேலே தேய்ந்துபோன ஹவாய் செருப்பை வெட்டிப் போட்டேன். முன்பக்கம் இரண்டு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு. அதனால் ஸ்பீக்கர் லேசாக மேலே பார்க்கும், அதிர்வும் மேசைக்கு இறங்காது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே மூன்றடி, ஒவ்வொன்றிலிருந்தும் என் காதுக்கும் மூன்றடி. சுவருக்கும் மேசைக்கும் நடுவே ஒரு அடி. இப்படிப் போட்டால் என் தலை முன்சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அறை நீளத்தில் 38 சதவீதத்தில் உட்காருங்கள் என்று ஒலிக்காரர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதே இடம்தான். லோ குமிழை மட்டும் கொஞ்சம் இறக்கினேன்.

அறைக்கு வருவோம். நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டினால் "டிர்ர்ங்" என்று ஒரு வால் ஓடியது. வெற்றுச் சுவர்கள் எதிரெதிரே நின்றால் இப்படித்தான். முட்டை அட்டை ஒட்டு, தெர்மாகோல் ஒட்டு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மேடை அலங்காரத்தில் மிஞ்சிய தெர்மாகோல் எனக்கு இலவசமாகவே கிடைக்கும், ஆனால் அதற்குள் காற்று புகாது, சத்தத்தை விழுங்காது. முட்டை அட்டையும் அப்படியே, மெல்லிசு. உறிஞ்ச வேண்டுமென்றால் பஞ்சு, நார் போல உள்ளே காற்று புகும் பொருள் கனமாக இருக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் அலையில் கால் பங்கே எட்டரை சென்டிமீட்டர். 56 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றரை மீட்டர், அதை எந்தத் திரையும் தொடாது. இரண்டு பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி முன்பக்க மூலைகளில் நிறுத்தினேன். பக்கச் சுவர்களில் எங்கே தொங்கவிடுவது என்பதற்கு ஒரு வழி உண்டு. நான் நாற்காலியில் உட்கார, அக்கா மகன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போனான். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் பென்சிலால் கோடு. அந்த இடத்தில், சுவரை விட்டு நாலு விரல் தள்ளி, மடித்த ரஜாய். இடைவெளி விட்டால் ஒட்டித் தொங்கவிடுவதைவிடக் கீழ்ச் சுருதி வரை வேலை செய்யும். இப்போது கைதட்டினால் தட்டோடு முடிந்துவிடுகிறது.

அப்படியும் ஒரு "கிர்ர்" மிச்சம் இருந்தது. ஸ்பீக்கரா, ரெக்கார்டிங்கா என்று தெரிய கம்ப்யூட்டரில் ஒரு டோனை ஓடவிட்டு 80 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினேன். 140ஐத் தாண்டும்போது கிர்ர். அம்மா பீரோ மேல் கையை வைத்ததும் நின்றது, எடுத்ததும் மறுபடி. பீரோ இல்லை, அதன் தலைமேல் அடுக்கியிருந்த எவர்சில்வர் தாம்பாளங்கள். எடுத்துவிடலாமா என்றால், "உன் சித்தி சீர் வச்சதுடி, அங்கேயே இருக்கட்டும்" என்றார். ஒவ்வொன்றுக்கும் நடுவே பழைய துண்டு மடித்து வைத்தாயிற்று. ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று சர்வீசுக்குத் தூக்குவதற்கு முன் அறையில் இருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

"ம்ம்ம்" என்று அடியில் ஓடும் இரைச்சல் வேறு கதை, அது கரண்டின் 50 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினால் பாதி போகும், பேலன்ஸ்டு கேபிள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கோடையில் எர்த் குழி காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். இரைச்சலுக்குப் பயந்து எர்த் பின்னை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. செய்யவே கூடாது, ஷாக் அடித்தால் தாங்காது.

நம் ஊர்க் கடல்காற்றுக்கு என்று கடைசியாக ஒன்று. உப்பு படிந்து ஜாக்குகள் பச்சை பூக்கும், குமிழ் திருப்பினால் கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, மழைக்காலம் முடிந்ததும் ஸ்விட்சை அணைத்து, வயர்களைக் கழற்றி, ஸ்ப்ரேயை அடித்துத் துடைத்து மாட்டினால் போதும். ஊஃபர் விளிம்பு ஃபோமாக இருக்கிறதா ரப்பராக இருக்கிறதா என்று செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் விரலால் அழுத்திப் பார்க்கவும். பழைய ஃபோம் நம் ஈரக்காற்றில் பொடிப்பொடியாக உதிரும்.