திருக்காட்சிக்கு எந்தக் கதை: இடையர்களா, ஞானிகளா?

காங்கேயம் பக்கம் மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் ரெண்டு பேர் கேட்டார்கள், இயேசு எல்லா இனத்தாருக்கும் வெளிப்பட்டதைக் கொண்டாடும் திருக்காட்சி விழா (ஜனவரி 6) நெருங்கும்போது பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்வது, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த இடையர்களுடையதா, ஞானிகளுடையதா என்று.

எளிமை
இடையர்கள் (லூக்கா 2): கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) ஆடு மேய்வதையும் பட்டிக்கு ராக்காவல் படுப்பதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.
ஞானிகள் (மத்தேயு 2): கொஞ்சம் பாடுபட வேண்டும். மூன்று பேர் என்றோ ராஜாக்கள் என்றோ மத்தேயு எழுதவில்லை, காணிக்கைதான் மூன்று. அதில் ஒன்றான சாம்பிராணி வீட்டிலேயே இருக்கும், ஒரு துண்டைக் கையில் கொடுத்து முகரச் சொல்லுங்கள்.

அழைப்பு
இடையர்களுக்கு வானதூதர், ஞானிகளுக்கு விண்மீன்.

பொருள்
இங்கேதான் என் மனம் ஞானிகள் பக்கம் சாய்கிறது. இடையர்கள் அந்த ஊர்ப்பக்கத்து யூத மக்கள். ஞானிகளோ கிழக்கிலிருந்து வந்த வேற்று இனத்தார், பிள்ளை பிறக்கும் ஊர் பெத்லகேம் என்பதே எருசலேமில் மறைநூல் அறிஞர் சொல்லித்தான் தெரிந்தது, ஆனாலும் அவர்களுக்குப் பழக்கமான வானத்தை வைத்தே கடவுள் அவர்களைக் கூப்பிட்டார். பிற இனத்தாரும் உடன் உரிமையாளர்கள் என்று எபேசியர் 3:6 சொல்வது இதைத்தான், நாமும் அந்த வரிசையில் வந்தவர்கள்தானே.

சரி, கிறிஸ்துமஸ் இரவுக்கும் அஞ்சாறு வயசுப் பிள்ளைகளுக்கும் இடையர்கள், திருக்காட்சிக்கு ஞானிகள். குடிலைப் புத்தாண்டோடு கலைத்துவிடாமல், ஞானிகள் சிலைகளைத் தினம் ஒரு சாண் நகர்த்தி, திருக்காட்சி அன்றைக்குத் தீவனத் தொட்டியருகே கொண்டுபோய் வையுங்கள்.